மைக் மேல பழி போட்டேன்

அம்மாவோட தாலாட்டை கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணலாம்னு உட்கார வெச்சேன். தொண்டையெல்லாம் செருமி ரெடி. ஆடாசிட்டிங்கற ரெக்கார்டிங் ஆப்ல சிவப்பு பட்டனைத் தட்டினா எரர். வயரைப் பிடுங்கி மாட்டி, ரீஸ்டார்ட் பண்ணி, புது மைக்கே வாங்கிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா விண்டோஸ் 11-லயே இருக்கற சவுண்ட் ரெக்கார்டர்ல மட்டும் அதே மைக் ஜோரா வேலை செய்யுது!

செட்டிங்ஸ், பிரைவசி, மைக்ரோஃபோன். அங்க சவுண்ட் ரெக்கார்டர் மாதிரி மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆப் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஸ்விட்ச். ஆடாசிட்டி மாதிரி டெஸ்க்டாப் ஆப்புகளுக்கோ மொத்தமா ஒரே ஸ்விட்ச், பட்டியலுக்குக் கீழே. என்னைக்கோ பாதுகாப்புனு நானே ஆஃப் பண்ணது (புத்திசாலி!). ஆன் பண்ணி, ஆடாசிட்டியை மூடித் திறந்தா அலை துள்ளுது.

"டேய், அடுப்புல பால்டா!"

முதல் பதிவு அதுதான். அழிக்கல.