வாரியலைத் தொடுவதற்கு முன்

1984ஆம் ஆண்டு ஜூன் மாதம், எங்கள் பள்ளியின் ஓட்டுக்கூரைக் கட்டடத்தில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த இரண்டாம் வாரம், வகுப்பைத் தூத்துவாரும் (பெருக்கும்) முறை எனக்கு வந்தது. வேலையை முடித்துவிட்டதாகப் பெருமையோடு சொன்ன என்னிடமிருந்து வாரியலை (துடைப்பத்தை) வாங்கிச் சுவரில் சாய்த்துவைத்த டீச்சர், "மக்களே, படியில நில்லு. இன்னும் என்னெல்லாம் கெடக்குன்னு சொல்லு" என்றார். நான் விழித்தேன். அவர் கதவை முன்னால் இழுத்தார். அதன் பின்னால் ஒரு வாரத்துக் குப்பை ஒதுங்கிக் கிடந்தது.

மறுநாள் முதல், முறைக்காரர் யாராக இருந்தாலும் வாசற்படியில் நின்று ஐந்து குறைகளைச் சொன்ன பிறகே வாரியலைத் தொடலாம் என்று ஆயிற்று. 'குப்பையாகக் கிடக்கிறது' என்ற பதில் செல்லாது. இரண்டாம் பெஞ்சின் அடியில் பென்சில் சீவல், சன்னல் மூலையில் ஒட்டடை, கரும்பலகையின் கீழ்ச் சட்டத்தில் சாக்பீஸ் பொடி என்று இடமும் பொருளும் சொல்லவேண்டும். ஒட்டடையை அடித்துவிட்டுத்தான் தரைக்கு வரவேண்டும், முற்றத்தில் தண்ணீர் தெளித்தால் புழுதி எழும்பாது என்பவையெல்லாம் இந்த ஐந்தைச் சொல்லிச் சொல்லியே எங்களுக்குப் பிடிபட்டன. அவற்றை அவர் தனியாகப் பாடம் நடத்தியதாக நினைவில்லை.

அதுவரை பெண்பிள்ளைகள் தூத்துவாருவதும் ஆண்பிள்ளைகள் கிணற்றில் தண்ணீர் கோருவதும்தான் வழக்கம். டீச்சர் அதை வாரம் ஒருமுறை மாற்றிப்போட்டபோது, 'என் மகனை வாரியல் பிடிக்கவா அனுப்பினேன்' என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். டீச்சர் மறுத்துப் பேசவில்லை, முறையை மாற்றவுமில்லை.

அந்த ஆண்டு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருந்தோம். மற்ற வகுப்பினர் மரவேலைப்பாடுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, எங்களை மட்டும் டீச்சர் தரையோரமாகக் குத்தவைத்து உட்காரச் சொன்னார். சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்ததாகச் சொல்லப்படும் அந்தக் கருந்தரை, நின்று பார்க்கும்போது கண்ணாடியாகத்தான் மின்னியது. தலையைத் தாழ்த்தி, சன்னல் வெளிச்சம் வரும் திசையை நோக்கித் தரையோடு தரையாகப் பார்த்தபோது, செருப்பைக் கழற்றிவிட்டு நடந்துவந்த எங்கள் வியர்த்த பாதங்களின் தடங்கள் ஒன்றுவிடாமல் தெரிந்தன. வெளிச்சம் சாய்வாக விழும்போது சிறு தூசியும் கறையும் எடுப்பாகத் தெரியும் என்பதை நான் கற்றது அறிவியல் வகுப்பில் அல்ல, அந்தத் தரையில்தான்.

வீட்டிலும் இந்தக் கண் கூடவே வந்தது. அம்மாவுக்கு அது பாதி மகிழ்ச்சி, பாதி தொல்லை. கதம்பையில் (தேங்காய் மட்டை நாரில்) சாம்பல் தொட்டுப் பாத்திரம் விளக்கும்போது, உள்ளே தேய்த்தால் போதாது, கவிழ்த்துப் பிடித்து அடியையும் பார்க்கவேண்டும் என்று அக்காவுக்கே உபதேசம் செய்து குட்டு வாங்கியிருக்கிறேன். பால் பாத்திரத்தில் முதலில் வெந்நீர் ஊற்றினால் பாலேடு இறுகிப் பிடித்துக்கொள்ளும், பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டே தேய்க்கவேண்டும் என்பது அக்கா எனக்குத் திருப்பிச் சொன்ன பாடம். மழைக்காலத்தில் ரப்பர் விளைக்குள் (தோட்டத்துக்குள்) போனால், பால் வெட்டாத மரங்களில் பால் பிடிக்கக் கட்டியிருக்கும் சிரட்டைகளில் தேங்கிய நீரைக் கொட்டிக் கவிழ்த்துக்கொண்டே நடப்பேன். அப்படித் தேங்கிய நீரில் ஒரு வாரம், பத்து நாளிலேயே முட்டை கொசுவாகிப் பறந்துவிடும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

இப்போது கத்தார் நாட்டுத் தோகாவில் ஒன்பது வயது மகனோடு அதே வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறேன். எத்தனை முறை 'அறையை ஒதுக்கு' என்று சொன்னாலும் அவன் அசையாமல் இருந்தது சோம்பலால் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். படியில் நின்ற அந்தப் பதினொரு வயதுப் பையனை நான் மறந்துவிட்டிருந்தேன். பாலைவன மணலை அள்ளிவரும் ஷமால் காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில், வெயில் சாய்வாக விழும் நேரம் பார்த்து அவனைக் கூடத்து வாசலில் நிறுத்தினேன். மேசைமேல் மணல் படிந்திருப்பதையும், அதில் தன் விரல் தடத்தையும், நாற்காலிக்கடியில் சாக்ஸையும், சோபாவின் இடுக்கில் முறுக்குத் துண்டையும் கண்டுபிடித்தான். ஐந்தாவதாக, நான் குடித்துவிட்டு வைத்திருந்த தேநீர்க் கோப்பையைக் காட்டினான்.

கதவின் பின்புறம் இன்னும் அவன் கண்ணில் படவில்லை. நானும் சொல்லவில்லை.