கொரியன் கத்துக்கிட்ட கதை: தனியா 8 மாசம், கிளாஸ்ல 4 மாசம், நடுவுல மூணு புல்

போன வருஷக் குளிருக்கு எங்கம்மா கும்பகோணத்துலேர்ந்து டெல்லி மயூர் விஹார் வந்து மூணு மாசம் இருந்தாங்க, வெளில தலை காட்ட முடியாம ரெண்டு பேரும் ரஜாய்ப் போர்வைக்குள்ள உக்காந்து கொரியன் சீரியலா பாத்துத் தள்ளினோம். அதுல ஒரு பொண்ணு "அப்பா"ன்னு கூப்பிட்டா பாருங்க, அம்மா நிமிந்து உக்காந்துட்டாங்க, "என்னடி இது, நம்ம பாஷை பேசறா!" எனக்கு 38 வயசுல இந்தப் பைத்தியம் பிடிச்சது அன்னிக்குத்தான். வீட்டுக்காரர் "அப்பா, ஒம்மா (அதான் அம்மா) ரெண்டும் தெரிஞ்சுபோச்சுல்ல, பாதி சிலபஸ் முடிஞ்சுது"ன்னு கிண்டல் வேற.

எழுத்துக்கு கிளாஸ் வேணவே வேணாம், இதை மட்டும் அடிச்சுச் சொல்லுவேன். சேஜோங் ராஜா 1443ல உருவாக்கி 1446ல வெளியிட்ட எழுத்து, அடிப்படை மெய் 14, உயிர் 10, அவ்வளவுதான். 247 எழுத்தை மனப்பாடம் பண்ணின ஆளுங்களுக்கு இதெல்லாம் நாலு சாயங்கால வேலை. அதுவும் "k"வுக்கும் "g"வுக்கும் நடுவுல எது எப்போன்னு ஊரே தலையப் பிச்சுக்குற இடத்துல நமக்கு ஒண்ணுமே இல்ல, ஏன்னா அவங்களுக்கும் ஒரே எழுத்துதான், சொல்லுக்கு முன்னாடி வந்தா "கண்"ல வர்ற க, நடுவுல வந்தா "தங்கம்"ல வர்ற க. "குங்முல்"னு ஒரு சொல், ரசம் சூப் மாதிரி தண்ணிக்குப் பேரு, எழுதறது "குக்முல்". ஏன்டா மாறுதுன்னு யோசிச்சா கல் கூட மலை சேந்து கன்மலை ஆன கதைதான், ஸ்கூல்ல புணர்ச்சி விதிக்கு வாங்கின குட்டு இருபது வருஷம் கழிச்சு டெல்லில உதவுது!

வாக்கியமும் அப்படித்தான். "நேத்து நான் கடைல பால் வாங்கினேன்"ங்கறத வரிசை மாத்தாம சொல்லுக்குச் சொல் அப்படியே வெச்சுடலாம், "கடைல"ல இருக்கற ல மாதிரி அவங்களுக்கு "எசொ", பாலை-யில இருக்கற ஐ மாதிரி "ருல்". கடைசில ஒட்டற "யோ" நம்ம "ங்க" மாதிரி மரியாதைக்கு. ஹோமர் ஹல்பர்ட்னு ஒரு அமெரிக்க மிஷனரி 1905லயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணமே எழுதியிருக்காரு. ரெண்டும் ஒரே குடும்பம்னு இப்போ மொழியியல்காரங்க ஏத்துக்கறதில்ல, இதை அம்மாகிட்ட சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க, அது வேற விஷயம்.

ஆக 8 மாசம் யூடியூப், ஆன்கி கார்டு (சொல் மனப்பாடம் பண்ற ஆப்), ஒரு கிராமர் புக்கு, தினம் ராத்திரி குழந்தை தூங்கினப்புறம் ஒரு மணி நேரம். நல்லாத்தான் போச்சு, எனக்கே கொஞ்சம் தலைக்கனம் ஏறிடுச்சு, டோபிக் ஒண்ணு, அதாவது கொரியன் மொழித் தேர்வோட ஆரம்பநிலைப் பரீட்சை, எழுதிடலாம்னு பணம் கட்டிட்டேன். கேக்கற பகுதி 30 கேள்வி, வாசிக்கற பகுதி 40 கேள்வி, மொத்தம் 200 மார்க், 80 எடுத்தா முதல் லெவல், 140 எடுத்தா ரெண்டாவது. வாசிக்கறதுல 74 வந்துச்சு. கேக்கறதுல 54. கூட்டினா 128, ரெண்டாவது லெவலுக்கு 12 குறைச்சல்! ஹால்ல ஸ்பீக்கர்ல ஆளுங்க பேச ஆரம்பிச்சதும் எனக்குத் தெரிஞ்ச சொல்லுதான், ஆனா தெரிஞ்ச சொல்லுன்னு மண்டைல ஏர்றதுக்குள்ள அடுத்த கேள்வி வந்துடுது. இதுல இன்னொரு கூத்து, இந்த லெவல் பரீட்சைல பேசறதும் கிடையாது எழுதறதும் கிடையாது, அதனால வாயே திறக்காம 8 மாசம் படிச்சவங்கறது யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது.

அப்புறம்தான் கிளாஸ். சவுத் எக்ஸ்டென்ஷன் பக்கம் ஒரு தனியார் இடம், பிங்க் லைன்ல நேரா போயிடலாம்னு சேந்தேன், 4 மாசத்துக்கு 14,000 ரூபா. முழுக்க காலேஜ் பொண்ணுங்க, நான் உள்ள போனதும் ரெண்டு பேரு டீச்சர்னு நெனச்சு எழுந்து நின்னாங்க. முதல் அஞ்சு வாரம் திரும்ப எழுத்தையே நடத்தினாங்க, எனக்கு ஒரே கடுப்பு. சந்தேகத்தையெல்லாம் ஹிந்தில வெளக்குவாங்க, எனக்கு அது ரெண்டாவது மொழிபெயர்ப்பு வேலை. 22 பேர்ல ஆரம்பிச்சது மூணாவது மாசம் 9. பணம் தண்டமோன்னுகூட தோணிச்சு.

ஆனா ஆறாவது வாரம் ஒண்ணு நடந்துச்சு. சொன்செங்நிம், அதான் டீச்சர், என்னை எழுப்பி புல்லுன்னு சொல்லச் சொன்னாங்க. கொரியன்லயும் புல்லுக்கு "புல்"தான், நான் ரொம்பப் பெருமையா சொன்னேன். அவங்க சிரிச்சுட்டு நெருப்புன்னாங்க. இன்னொரு தரம் அழுத்திச் சொன்னேன், இப்போ கொம்புன்னாங்க. அதாவது நெருப்பு, புல்லு, மாட்டுக் கொம்பு மூணுக்கும் தமிழ்ல எழுதினா ஒரே "புல்"தான் வரும், அவங்களுக்கு மூணும் வேற வேற ப! நான் 8 மாசமா நோட்டுல தமிழ்லயே எழுதி எழுதி மூணையும் ஒண்ணாக்கி வெச்சிருக்கேன், காதும் மூணையும் ஒண்ணாத்தான் கேட்டிருக்கு, 54 எங்கேர்ந்து வந்துச்சுன்னு அப்போதான் வெளங்குச்சு. அவங்க ஒரு டிஷ்யூ பேப்பரை என் வாய்க்கு முன்னாடி பிடிச்சு, புல்லுக்குப் பேப்பர் ஆடணும், குரலும் கொஞ்சம் மேல ஏறணும், நெருப்புக்குத் தளர்வா தாழ்த்தி, கொம்புக்குப் பேப்பர் அசையவே கூடாதுன்னாங்க. கொம்பு சீக்கிரம் வந்துடுச்சு, அப்பால இருக்கற "ப்ப"வை மட்டும் பிச்சு முன்னாடி வெச்சா போதும். புல்லுக்குத்தான் பேப்பர் அசைய மாட்டேன்னுது. பக்கத்து சீட்டு லக்ஷ்மி நகர் பொண்ணு "பூல்-னு ஹிந்தில பூவுக்குச் சொல்லுவோமே தீதி, அந்த மாதிரி ஊதுங்க"ன்னா, ஊதினேன், ஆடிச்சு. இந்த ஒரு மணி நேரத்துக்கு 14,000 குடுக்கலாம், மத்ததெல்லாம் வீட்டுலயே ஆகியிருக்கும்.

அதனால யாராவது என்னைக் கேட்டா, எழுத்தும் அடிப்படை இலக்கணமும் ஒரு ரெண்டு மாசம் தனியா படிச்சிட்டு உடனே நாம பேசறதைக் கேட்டுத் திருத்தற ஒரு ஆள்கிட்ட போங்கம்பேன். என்னை மாதிரி 8 மாசம் இழுக்காதீங்க, தப்பு காரை பூசினாப்ல ஒட்டிக்குது. சேர்றதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ்ல ஒரு ஆளுக்கு எத்தனை தரம் வாய் திறக்க விடுவாங்கன்னு மட்டும் கேளுங்க, சர்ட்டிபிகேட் டிசைனெல்லாம் அப்புறம் பாக்கலாம். இன்னொண்ணு, நோட்டுல கொரியன் சொல்லைத் தமிழ் எழுத்துலயோ இங்கிலீஷ் எழுத்துலயோ எழுதி வெக்காதீங்க.

அடுத்த லெவலுக்கு ஆள் சேரலன்னு பேட்ச் ஆரம்பிக்கவே இல்ல. இப்போ நானும் லக்ஷ்மி நகர் பொண்ணும் ஞாயித்துக்கிழமை சேந்து படிக்கறோம். அவளுக்கு ஒரு உயிரெழுத்து வரவே வரல, உதட்டைக் குவிக்காம சொல்ற ஒரு உ. அது நம்ம குற்றியலுகரம் இல்லையா, "பாட்டு" கடைசில அரைகுறையா வர்றது, பேச்சுல "அது"ன்னு சொன்னாலும் அப்படித்தான் வரும், அதைச் சொல்லு வந்துடும்னேன். போன வாரம் மயூர் விஹார் வர்ற வரைக்கும் மெட்ரோல "அது, அது, அது"ன்னு சொல்லிக்கிட்டே வந்தா, எதிர்ல ஒரு தமிழ் மாமா நிமிந்து பாத்து "எதும்மா?"ன்னாரு.