மதியம் ஒன்றரைக்கு வரும் வௌவால்

ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸின் கம்ப்யூட்டர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். பேக்கப்புக்கு அங்கே பாக்குலா என்ற மென்பொருள். இரவில் வந்து கம்ப்யூட்டரின் உயிர்ச்சாற்றை உறிஞ்சும் என்று அதை உருவாக்கியவர்களே கிண்டலாக எழுதி வைத்திருக்கிறார்கள், சின்னமும் வௌவால்தான். எங்களிடம் மட்டும் அது மதியச் சாப்பாட்டு நேரத்தில் வருகிறது.

பாக்குலாவோடு வரும் மாதிரி அமைப்பில் வேலை இரவு 11.05க்குத் தொடங்கும். மாதத்தின் முதல் ஞாயிறு முழு பேக்கப், மற்ற ஞாயிறுகளில் டிஃபரன்ஷியல் (முழு பேக்கப்புக்குப் பின் மாறியவை), திங்கள் முதல் சனி வரை இன்கிரிமென்டல் (முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியவை). ராத்திரி பகலாக மெஷின் ஓடும் இடத்தை நினைத்து எழுதியது அது. இங்கே கடைசியாகக் கிளம்புகிறவர் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவார். ஞாயிறு ஷட்டரே திறக்காது. அதனால் தினசரி வேலையை மதியம் ஒன்றரைக்கும், முழு பேக்கப்பை முதல் சனிக்கிழமைக்கும் மாற்றினேன். விண்டோஸ் மெஷின்களில் திறந்திருக்கும் கோப்பையும் ஷேடோ காப்பி (அந்த நொடியின் நகல்) வழியாக அது எடுத்துவிடும். ஆனாலும் கணக்கு மென்பொருளான டாலியின் பாதி எழுதிய டேட்டாவை நான் நம்புவதில்லை. டாலியை மூடிவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்; பெரும்பாலும் கேட்கிறார்கள்.

புதிதாக நிறுவுகிறவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வேலையை நடத்தும் டைரக்டரும் பேக்கப்பைச் சேமிக்கும் ஸ்டோரேஜும் ஒரே பெட்டியில்தானே என்று ஸ்டோரேஜ் முகவரியை லோக்கல்ஹோஸ்ட் ('இதே மெஷின்') என்று போட்டால் வேலை நகராது. டைரக்டர் அந்த முகவரியை அப்படியே கிளையன்ட்டிடம், அதாவது பேக்கப் எடுக்கப்படும் மெஷினிடம், கொடுக்கும். கிளையன்ட் ஸ்டோரேஜின் 9103 போர்ட்டைத் தனக்குள்ளேயே தேடிக்கொண்டு நிற்கும். சர்வரின் உண்மையான ஐபியைக் கொடுங்கள்.

இன்னொன்று, எந்தக் கோப்பு எந்த பேக்கப்பில் என்ற விவரங்களை கேட்டலாக் என்ற பட்டியலில் வைத்திருக்கும் காலம். மாதிரி அமைப்பில் 60 நாள். அதன்பின் டேட்டா டிஸ்க்கில் கிடந்தாலும் இந்த ஒரு கோப்பு மட்டும் வேண்டும் என்று பட்டியலில் தேடி எடுக்க முடியாது. மார்ச் கணக்கைச் செப்டம்பரில் கிளறும் தொழிலுக்கு 60 நாள் எந்த மூலைக்கு? இரண்டு வருடம் என்று மாற்றி வைத்திருக்கிறேன். கேட்டலாக் கொஞ்சம் பெரிதாகும், ஆகட்டும்.

போன செப்டம்பரில்தான் இதெல்லாம் உதவிக்கு வந்தது. ஆபீஸின் வாடிக்கையாளரான ஒரு ஜவுளிக் கம்பெனியின் டாலி டேட்டா புதன்கிழமை திறக்க மறுத்தது. விசாரித்தால் திங்கள் மாலை கரண்ட் போனபோது யுபிஎஸ் கைகொடுக்கவில்லை. அன்றிலிருந்தே சில ரிப்போர்ட் தகராறு செய்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை. அந்த ஃபோல்டர் கிளவுடிலும் சிங்க் ஆகிக்கொண்டிருந்தது. கெட்டுப்போன கோப்பும் சமர்த்தாக அங்கே ஏறியிருந்தது. கிளவுடிலிருந்து கோப்பு கோப்பாகப் பழைய வடிவத்தை மீட்டால், ஒன்று திங்கள் ஒன்று புதன் என்று கலந்து இன்னும் குழப்பம்.

பாக்குலாவிலும் செவ்வாய்க்கிழமை பேக்கப்பில் இருப்பது கெட்ட டேட்டாதான். அதனால் கன்சோலில் ரீஸ்டோர் கொடுத்ததும், கடைசி பேக்கப்பைத் தரும் ஐந்தாம் தேர்வை விட்டு, குறிப்பிட்ட நேரத்துக்கு முந்தையதைத் தரும் ஆறாம் தேர்வுக்குப் போனேன். திங்கள் மதியம் இரண்டரை என்று கொடுத்தேன். முழு பேக்கப், டிஃபரன்ஷியல், இன்கிரிமென்டல் எல்லாவற்றையும் கோத்து அந்த நேரத்து ஃபோல்டரைக் காட்டியது. அந்தக் கம்பெனியை மட்டும் மார்க் செய்து, பழையதன் மேல் எழுதாமல் தனி ஃபோல்டரில் இறக்கினேன். டாலி திறந்தது.

இதில் வேடிக்கை, கணக்கை மின்னணு முறையில் வைத்திருக்கும் கம்பெனிகள் இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டிலேயே விதி திருத்தப்பட்டுவிட்டது. அதை வாடிக்கையாளர்களிடம் கேட்கிற இடத்தில் இருப்பவர்கள் நாங்கள்.

திங்கள் மதியத்துக்குப் பிந்தைய வவுச்சர்களை அக்கவுன்டன்ட் அக்கா பில்லைப் பார்த்துத் திரும்பப் போட்டு முடித்தார். "ஏன் தம்பி, சாயங்காலம் டீ நேரத்துலயும் ஒரு தடவை எடுக்கக் கூடாதா?" என்றார். நாலரை மணிக்கும் ஒரு இன்கிரிமென்டல் சேர்த்தாயிற்று, டாலி டேட்டாவுக்கு மட்டும். யுபிஎஸ் பேட்டரிக்கு சார் இன்னும் செக் எழுதவில்லை.