காப்பி, ஃபைல், பேக்: நம் வாய்க்கு ஏற்ற குரல் கட்டளைகள்

நம் பக்கத்தில் குடிப்பதும் காப்பிதான், நகலெடுப்பதும் காப்பிதான். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு. குரலால் கம்ப்யூட்டரை இயக்கப் பார்த்து நாலே நாளில் கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். மைக் நன்றாக இருக்கும், மென்பொருளும் நன்றாக இருக்கும்; கட்டளைக்கு எடுத்த சொல்தான் நம் நாக்கில் நிற்காது.

பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார் பக்கம் டைப்பிங் கடை வைத்து, தமிழ், மலையாளம், இங்கிலீஷ் என்று மூன்று மொழியிலும் நாள் முழுக்க மனு அடித்து, மணிக்கட்டு வலியோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விண்டோஸ் 11-இல் ‘வாய்ஸ் ஆக்சஸ்’ என்று, குரலால் கம்ப்யூட்டரை இயக்கும் வசதி ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸ், அக்சசிபிலிட்டி, ஸ்பீச் என்று போனால் அதற்கான சுவிட்ச். மொழியில் இங்கிலீஷ் (இந்தியா) என்பதை எடுங்கள். முதல் தடவை மொழிக் கோப்பை இறக்க இன்டர்நெட் வேண்டும், பிறகு வேண்டாம். கேபிள் அறுந்து நெட் போன நாளிலும் வேலை நடக்கும். விண்டோஸ் 10-இல் இந்த வசதி கிடையாது. விண்டோஸ் 11-இலும் கட்டளைகளைத் தமிழில் சொல்ல வழியில்லை.

திரையின் மேலே வரும் பட்டையில் ‘வாய்ஸ் ஷார்ட்கட்ஸ்’ பக்கத்தைத் திறந்தால் சொந்தக் கட்டளை செய்யலாம். ஒரு சொற்றொடரைக் கொடுத்து, அதைச் சொன்னால் என்ன நடக்க வேண்டும் என்று வரிசையாகச் சேர்க்க வேண்டும்: ஆப்பைத் திறப்பது, ஃபோல்டரைத் திறப்பது, கீ அழுத்துவது, எழுத்தை ஒட்டுவது, சற்றுக் காத்திருப்பது. கடைசியாகச் சொன்ன காத்திருப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வேர்டு திறந்து முடிப்பதற்குள் ஒட்டும் செயல் ஓடிவிட்டால் எழுத்து வேறு எங்கோ போய் விழும், அல்லது விழவே விழாது. பழைய ஹார்டு டிஸ்க் உள்ள மெஷினில் ஆப் திறக்கும் செயலுக்குப் பின்னால் நாலைந்து விநாடி வையுங்கள். எஸ்எஸ்டி என்ற வேகமான புதுவகை டிஸ்க் என்றால் இரண்டு போதும்.

நமக்கு இதில் பெரிய லாபம், கட்டளை இங்கிலீஷில் இருந்தாலும் ஒட்டும் எழுத்து எந்த மொழியிலும் இருக்கலாம் என்பது. சித்தூர் தாலுகாவுக்குப் போகும் மனுவில் மலையாளத்தில் வில்லேஜ் ஆபீசர் முகவரி. பொள்ளாச்சிப் பக்கம் போகும் மனுவில் தமிழில் கிராம நிர்வாக அலுவலர். இரண்டு தலைப்பையும் இரண்டு ஷார்ட்கட்டாக வைத்துக்கொண்டால் ஒரு நாளில் எத்தனை நூறு கீ மிச்சம் என்று பாருங்கள்.

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு முறை அதற்குத் தெரியாது; ஒட்டினால் கேள்விக்குறிதான் வரும். அதற்கு ஒரு வழி உண்டு. உங்கள் பழைய ஃபான்டில் அந்த முகவரியை ஒரு தடவை அடித்து, அதையே காப்பி செய்து ஷார்ட்கட்டில் வையுங்கள். அங்கே ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் குறியுமாகக் கிறுக்கியது போலத் தெரியும், பயப்பட வேண்டாம். பேஜ்மேக்கரில் அதே ஃபான்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஒட்டினால் சரியாக நிற்கும்.

இனி சொல் தேர்வு. இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். நாம் ‘ஃபைல்’ என்பதைப் ‘பைல்’ என்கிறோம், ‘ஜீரோ’வைச் ‘சீரோ’ என்கிறோம், ‘பேக்’ என்பதன் வாலில் ஓர் உகரம் சேர்த்துப் ‘பேக்கு’ என்கிறோம். ஓரசைச் சொல்லில் இப்படி ஒரு ஒலி மாறினால் சொல்லே மாறிவிடும். நீளமான சொல்லில் ஒன்று மாறினாலும் மீதி ஒலிகள் தாங்கிப் பிடிக்கும். அதனால் ஃப, ஜ இல்லாத, உயிரொலி நிறைந்த, இரண்டு சொல் கொண்ட கட்டளையாக எடுங்கள். ‘மேங்கோ லெட்டர்’, ‘டொமேட்டோ லெட்டர்’ என்று வைத்தால் முன்பாதி நன்றாகப் பிரிந்து நிற்கும். ‘லெட்டர் ஒன்’, ‘லெட்டர் டூ’ என்று வைக்காதீர்கள். ‘டூ’ என்ற ஒலிக்கு இங்கிலீஷில் மூன்று சொற்கள் இருக்கின்றன. காப்பிக்குக் ‘காப்பி தட்’ என்று சொல்லிப் பாருங்கள். அப்போதும் சிக்கினால் கன்ட்ரோல் சி அழுத்தும் ஷார்ட்கட் ஒன்றைச் செய்து, உங்களுக்கு வாகான பெயர் வைத்துவிடுங்கள். புதிய கட்டளையைப் பத்து தடவை சொல்லிப் பாருங்கள்; ஒன்பது தடவையாவது சரியாக நடக்க வேண்டும். நடக்கவில்லையென்றால் தொண்டையை வருத்தாமல் பெயரை மாற்றுங்கள்.

கட்டளைக்கு முன்னும் பின்னும் சிறிது நிறுத்துங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். நடுவில் மூச்சு வாங்கினால் பாதிக் கட்டளை மனுவுக்குள் எழுத்தாக விழுந்துவிடும். ‘கமாண்ட் மோடு’ என்று சொல்லி வைத்தால் சொல்வதையெல்லாம் கட்டளையாக மட்டுமே எடுக்கும், அந்தத் தொல்லை இல்லை. ஆள் வந்து பேசும்போது ‘வாய்ஸ் ஆக்சஸ் ஸ்லீப்’, திரும்ப ‘வாய்ஸ் ஆக்சஸ் வேக் அப்’.

லேப்டாப் மைக் வேண்டாம். யுஎஸ்பி ஹெட்செட் வாங்கி, மைக்கை உதட்டோரத்தில், இரண்டு விரல் தள்ளி வையுங்கள். வாய்க்கு நேரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் மூச்சு இடிக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். மைக்குக்கு ஸ்பாஞ்சு உறை கட்டாயம், கிழக்கு மேற்கு ஜன்னலுக்கு நேரே உட்காராதீர்கள். பக்கவாட்டு ஃபேன் காற்றும் அப்படியே கெடுக்கும். லாரி ஹாரனைவிடத் தொடர்ந்து வீசும் காற்றுதான் மோசம். ஹாரன் ஒரு கட்டளையைக் கெடுத்துவிட்டுப் போய்விடும், காற்று எல்லாவற்றையும் கெடுக்கும்.

அனுப்பும் பட்டனையும் பணம் கட்டும் பட்டனையும் எந்த ஷார்ட்கட்டிலும் சேர்க்காதீர்கள்; கடைசி என்டரைக் கையால் தட்டுங்கள். பாஸ்வேர்டை ஒட்டும் எழுத்தாக வைக்கக் கூடாது. ஆதார் எண்ணையும் ஃபோன் நம்பரையும் வாயால் சொல்லி அடிக்காதீர்கள். பெஞ்சில் இன்னும் நாலு பேர் காத்திருப்பார்கள். அந்தப் பன்னிரண்டு எண்ணுக்கு நம்பர் பேடே போதும்.