மதுரையிலிருந்து வர வேண்டிய பல்பு

இரத்தப் பரிசோதனைக் கூடங்களில் இருக்கும் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். முதல் ஐந்து ஆண்டுகள் மதுரையில், இடையில் இரண்டு ஆண்டுகள் திருவனந்தபுரத்தில், மீதி எல்லாம் திருநெல்வேலியில். மூன்று ஊர்களிலும் கருவிகள் ஒன்றுதான், பழுதுகளும் ஒன்றுதான். ஆனால் ஒரு கருவி நின்றுபோனால் எத்தனை பேர் காத்திருக்க நேரும் என்பது ஊருக்கு ஊர் மாறியது. பெரிய ஊர்களுக்கு நடுவே இருக்கும் நடுத்தர ஊர் ஒன்றின் நிலைமையை நான் புரிந்துகொண்டது இந்த வேறுபாட்டின் வழியாகத்தான்.

ஆட்டோ அனலைசர் என்ற கருவிக்குள் விரல்நுனி அளவில் ஒரு ஹாலஜன் பல்பு உண்டு. இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தோடு ரீஏஜென்ட் என்ற வேதிப்பொருள் கலந்த திரவத்தின் ஊடாக இந்தப் பல்பின் ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று அளந்துதான் கருவி சர்க்கரை, யூரியா, கல்லீரல் என்சைம்கள் ஆகியவற்றின் அளவைச் சொல்கிறது. பல்பு பழசாகும்போது எல்லாப் பரிசோதனைகளும் ஒரே நேரத்தில் கெடுவதில்லை. முதலில் குறைவது புற ஊதாப் பக்கத்து ஒளி. ஆகையால் 340 நானோமீட்டரில் அளக்கப்படும் யூரியாவும் கல்லீரல் என்சைமான எஸ்.ஜி.பி.டி.யும் முதலில் ஆட்டம் காணும். சர்க்கரை அதன்பிறகும் பல நாட்கள் ஒழுங்காகவே வந்துகொண்டிருக்கும். கைதேர்ந்த டெக்னீஷியன் காலையில் கன்ட்ரோல், அதாவது அளவு முன்பே தெரிந்த சீரம், ஓட்டிய உடனேயே இதைக் கண்டுபிடித்துவிடுவார். அம்பாசமுத்திரத்தில் அப்படி ஒரு பெண் இருந்தார். “சார், சுகர் சரியா இருக்கு, யூரியாதான் நிக்க மாட்டேங்கு. லேம்ப் போகப்போகுதுன்னு நெனைக்கேன்” என்று அவர் தொலைபேசியில் சொன்னால், நான் வேறு எதையும் சோதித்துப் பார்க்காமல் பல்பைத் தேடத் தொடங்கிவிடுவேன்.

தேட வேண்டியிருந்ததுதான் சிக்கல். எங்கள் நிறுவனத்தின் உதிரிபாகக் கிடங்கு மதுரையில் இருந்தது. திருநெல்வேலி அவர்கள் கணக்கில் மதுரைப் பகுதியின் ஓர் உட்பிரிவு. கூரியரில் அனுப்பினால் மறுநாளோ அதற்கு மறுநாளோ வரும் என்பதால், அவசரமானவற்றை மாட்டுத்தாவணியில் திருநெல்வேலிப் பேருந்து ஒன்றின் நடத்துநரிடம் கொடுத்துவிட்டு, வண்டி எண்ணையும் அவருடைய கைப்பேசி எண்ணையும் எனக்குச் சொல்வார்கள். மூன்று மணி நேரம் கழித்து நான் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் நிற்பேன். எத்தனை மாலைகள் அங்கே நின்றிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. பொட்டலத்தை வாங்கியதும் அங்கேயே பிரித்து, பல்பின் இழை அறுந்திருக்கிறதா என்று குழல்விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அறுந்திருந்தால் மறுபடியும் ஒரு நாள் போயிற்று.

மதுரையில் நான் இருந்த ஐந்து ஆண்டுகளில் இந்தக் கவலையை அறிந்ததில்லை. அரசு இராசாசி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் பரிசோதனைக் கூடங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றில் கருவி நின்றால் மாதிரியை ஒரு பையன் கையில் கொடுத்து அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவார்கள். நோயாளிக்கு அது தெரியக்கூடத் தெரியாது. கடிந்துகொள்ளும் உரிமையாளர்கள் அங்கேயும் உண்டு, ஆனால் அது வியாபாரக் கோபம். வேலை கற்றுக்கொள்ள மதுரையை விடச் சிறந்த இடம் தெற்கே இல்லை என்று இன்றும் சொல்வேன். போட்டி நிறுவனங்களின் பொறியாளர்கள் அண்ணா நகரில் ஒரே தேநீர்க் கடையில்தான் கூடுவோம். எனக்குப் பிடிபடாத போர்டு பழுது ஒன்றை வேறு நிறுவனத்து அண்ணன் ஒருவர் தாளில் படம் போட்டு விளக்கிச் சொல்லிக்கொடுத்தார். திருநெல்வேலியில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. இருந்த நான்கைந்து பேரும் எந்த நேரமும் வண்டியில்தான் இருப்போம்.

ஏனென்றால் திருநெல்வேலி என்று சொல்லி எனக்குக் கொடுக்கப்பட்டது திருநெல்வேலி அல்ல. கிழக்கே தூத்துக்குடி, திருச்செந்தூர். மேற்கே அம்பாசமுத்திரம், தென்காசி, செங்கோட்டை. தெற்கே வள்ளியூர், திசையன்விளை, அதையும் தாண்டி நாகர்கோவில். பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ஆட்சியர் அலுவலகங்கள் பிரிந்தனவே தவிர நோயாளிகள் பிரியவில்லை. செங்கோட்டையில் காய்ச்சல் விடாவிட்டால் பாளை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குத்தான் இன்றும் வண்டி ஏறுகிறார்கள். நெல்லைச் சந்திப்பிலிருந்து மதுரை, நாகர்கோவில், தென்காசி, திருச்செந்தூர் என்று நான்கு பக்கமும் தண்டவாளம் போவதைப் பார்த்தாலே இந்த ஊரின் வேலை என்னவென்று தெரிந்துவிடும். காலை வண்டிகளில் வந்து இறங்குகிறவர்களில் கையில் மருத்துவமனைக் கோப்பு இல்லாதவர்களை எண்ணிவிடலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருநெல்வேலி மாநகராட்சியில் ஏறக்குறைய 4 லட்சத்து 73 ஆயிரம் பேர். அதே கணக்கெடுப்பில் மதுரை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நிறுவனங்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மதுரைக்கு ஆறு பொறியாளர்கள் என்றால் திருநெல்வேலிக்கு இரண்டு பேர் போதும் என்று முடிவு செய்கின்றன. எண்ணில் பிழை இல்லை. ஆனால் மாநகராட்சி எல்லைக்குள் உறங்குகிறவர்களை எண்ணி, பகலில் அந்த ஊரை நம்பி வருகிறவர்களை விட்டுவிடுகிற கணக்கு அது. மதுரைக்கும் வெளியூர்க் கூட்டம் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தைத் தாங்குவதற்கு வேண்டியவை அங்கே முன்பே வந்து சேர்ந்துவிட்டன. நமக்கு எதுவும் ஒரு சுற்று கழித்துத்தான் வந்தது. மதுரை மருத்துவக் கல்லூரி 1954-இல் என்றால் திருநெல்வேலிக்கு 1965-இல். மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல் என்றால் அதிலிருந்து பிரிந்து மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் உருவானது 1990-இல். மதுரை 1971-இலேயே மாநகராட்சி ஆகிவிட்டது. பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் எல்லாம் சேர்த்துத் திருநெல்வேலி மாநகராட்சி ஆனது 1994-இல். உயர்நீதிமன்றக் கிளை 2004-இல் மதுரைக்கு வந்தபோது, இனிச் சென்னை வரை போக வேண்டாம் என்று நம் பக்கத்து வழக்காளிகள் நிம்மதி அடைந்தார்கள். அந்த நிம்மதி உண்மையானது. மதுரை நம்மிடமிருந்து எதையும் பறித்துக்கொண்டதாக நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

இரயில்வேயில் ஒரு விவரம் உண்டு. சந்திப்பு நிலையம் மதுரைக் கோட்டத்தைச் சேர்ந்தது. ஆற்றைத் தாண்டி மேலப்பாளையத்திலிருந்து தெற்கே நாகர்கோவில் போகும் பாதை திருவனந்தபுரம் கோட்டத்தைச் சேர்ந்தது. இரண்டு பெரிய ஊர்களின் எல்லைக்கோடும் நம் ஊர்ப் பக்கத்தில்தான் முட்டுகிறது. என் வேலையும் அப்படித்தான் இருந்தது. தெற்கே போனால் நாகர்கோவிலில் பாதிப் பேர், பெரிய வைத்தியம் என்றதும் திருவனந்தபுரம் போய்விடுவார்கள். வடக்கே கோவில்பட்டியைத் தாண்டிவிட்டால் எல்லாரும் மதுரைதான். நடுவில் நிற்பவர்கள்தான் நம்மை நம்பியிருந்தார்கள்.

திருவனந்தபுரத்துக்கு மாற்றல் கிடைத்தபோது முதலில் என் கண்ணில் பட்டது பதிவேடுகள். அங்கே நான் போன கூடங்கள் பெரும்பாலானவற்றில் தினமும் கன்ட்ரோல் ஓட்டி, அளவைக் குறித்து, கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்கள். கருவி எப்போது நிலைதவறத் தொடங்கியது என்று ஏட்டைப் புரட்டினால் தெரியும். நம் பக்கத்தில் சிறிய கூடங்கள் பலவற்றில் இந்தப் பழக்கம் இல்லை. கன்ட்ரோல் சீரம் விலை அதிகம் என்று வாரம் ஒருமுறை ஓட்டுவார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. இதை எழுத எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் மறைக்கக் கூடாது. திரும்பி வந்தபிறகு நான் போன ஒவ்வொரு கூடத்திலும் ஒரு நோட்டு வாங்கி, கோடு போட்டுக் கொடுத்து, “அண்ணாச்சி, டெய்லி இதுல எழுதிருங்க” என்று கேட்டுக்கொண்டேன். சிலர் எழுதினார்கள்.

அந்த நோட்டுகளை வாங்க வைத்தது ஒரு சந்திப்பு. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனமும் வட்டாரப் புற்றுநோய் மையமும் ஒரே வளாகப் பகுதியில் இருப்பதால், அந்தச் சாலையில் எப்போதும் நெல்லைத் தமிழ் கேட்கும். அருகே ஒரு தனியார் கூடத்தில் கருவியைத் திறந்துவைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் தொலைபேசியில் தமிழ் பேசுவதைக் கேட்டு, காத்திருந்த வயதான அம்மா ஒருவர் பக்கத்தில் வந்தார்.

“ஏய்யா, நீங்க நம்ம ஊர்ப் பக்கமா?”

“ஆமாம்மா, திருநெவேலிதான்.”

மகனுக்கு இருதய ஆபரேஷனாம். மஞ்சள் பையிலிருந்து ரிப்போர்ட்டுகளை எடுத்துக் காட்டினார். வண்ணார்பேட்டையில் எடுத்தவை, நான் மாற்றலாகி வருவதற்கு முன் மாதந்தோறும் பார்த்துக்கொண்ட கருவி. “அங்க எடுத்தது செல்லாதாம்யா, இங்க திரும்ப ஒருக்கா எடுக்கணுமாம். எல்லாம் ஒரே மிஷினுதானே?” என்று கேட்டார். ஆபரேஷனுக்கு முன்பு புதிதாகப் பரிசோதனை செய்வது முறைதான், அது யாருடைய குற்றமும் இல்லை என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். அவர் கேட்டதில் இருந்த நியாயம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. ஒரே மிஷின்தான், அளவைச் சரிபார்த்து நிறுத்தும் காலிபரேட்டரும் ஒன்றுதான். அந்தத் தாளில் இருந்த எண்ணை எங்கேயும் கொண்டுபோய்க் காட்டலாம் என்ற உறுதியை அந்தக் கூடம் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பில் எனக்கும் பங்கு இருந்தது.

நம் ஊர் ஒரு விஷயத்தில் மதுரையை விடக் கொடுத்து வைத்தது. அதுவும் என் தொழிலில் மிக முக்கியமான விஷயம். இந்தக் கருவிகள் நிமிடத்துக்கு நிமிடம் ஊசியையும், திரவம் நிற்கும் சிறு கிண்ணங்களான குவெட்டுகளையும் கழுவிக்கொண்டே இருப்பவை. அதற்கு உப்பு நீக்கிய நீர் வேண்டும். மதுரையில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பிய கூடங்களில் உப்பை நீக்கும் ரெசின் சீக்கிரமே தீர்ந்துபோகும், குழாய்களின் உட்புறம் வெள்ளையாகப் படியும். வைகை பெரும்பாலான நாட்களில் மணலாகக் கிடக்கும் ஊரில் வேறு வழி இல்லை. தாமிரபரணித் தண்ணீர் வரும் பாளையிலும் டவுனிலும் அதே ரெசின் பல மாதங்கள் கூடுதலாக உழைத்தது. நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரைக் குழாய் நீரில் நனைத்து எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் பொதிகை மலையை நன்றியோடு நினைத்துக்கொள்வேன். பெருமாள்புரத்துக்கு அப்பால் புதிதாக எழும்பிய பகுதிகளில் போர் தண்ணீர்தான். அங்கே இந்தச் சலுகை இல்லை.

அந்த ஆறே 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஊருக்குள் வந்தது. சந்திப்புப் பேருந்து நிலையம் முழுகிக் கிடந்தது, தூத்துக்குடிச் சாலை அறுந்துபோனது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது. தரைத்தளத்தில் இருந்த கூடங்களில் தண்ணீர் புகுந்தது. மின்சாரம் இல்லாததால், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய ரீஏஜென்ட்டுகள் குளிர்பெட்டிகளில் வீணாயின. அப்போது மதுரை நண்பர்கள் மூன்று பேர், யாரும் அனுப்பாமலே, காரின் பின்பக்கம் முழுக்க போர்டுகளும் பம்புகளும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். நான்கு நாட்கள் என் வீட்டில் தங்கி, சேறு படிந்த போர்டுகளைக் கழுவி, ஹேர் டிரையரால் உலர்த்தி, ஓடுகிறவற்றை ஓட்டிக் கொடுத்தார்கள். பக்கத்தில் பெரிய ஊர் இருப்பதன் அருமையை அந்த நான்கு நாட்களில் பார்த்தேன்.

ஆனாலும் அந்தக் கார் மூன்று மணி நேரத் தொலைவிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. திருநெல்வேலியில் ஒரு சிறிய கிடங்கு வையுங்கள், பெரிய செலவு வேண்டாம், அடிக்கடி போகும் முப்பது பொருட்கள் இருந்தால் போதும் என்று நான் நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினேன். எந்தக் கூடம் எத்தனை நாள் நின்றது, எந்தப் பொருளுக்காக நின்றது என்று பட்டியலும் இணைத்தேன். கருவிகளின் எண்ணிக்கை குறைவு என்பதே மூன்று முறையும் வந்த பதில். எண்ணிக்கை குறைவு என்பதற்காகத்தானே கிடங்கு வேண்டும்? மதுரையில் நூறில் ஒன்று நின்றால் தொண்ணூற்றொன்பது இருக்கிறது. நான் போய்வந்த சிற்றூர் ஒன்றில் இருந்ததே ஒன்றுதான். அது நின்ற அன்று டயாலிசிஸ் நோயாளி ஒருவர் யூரியா அளவு பார்ப்பதற்காக மட்டும் நாற்பது கிலோமீட்டர் பேருந்தில் போய்வந்தார். இதையும் எழுதினேன். அதற்குத் தனியாகப் பதில் வரவில்லை.

அதன்பிறகு என் சம்பளத்திலிருந்தே சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்தேன். பல்புகள், பம்புக் குழாய்கள், ஓ-ரிங்குகள், ஊசி இரண்டு. பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் பஞ்சு வைத்து அடுக்கி பீரோவில் வைத்திருந்தேன். மாற்றியதும் நிறுவனத்திலிருந்து வரும் புதியதை டப்பாவில் போட்டுவிடுவேன். அம்பாசமுத்திரத்துக்கு அன்றைக்கே பல்பு போய்ச் சேர்ந்ததெல்லாம் அந்த டப்பாவிலிருந்துதான்.

வேலையை விட்ட நாளில், எனக்குப் பதிலாக வந்த இளைஞரிடம் அதை ஒப்படைத்தேன். மதுரையில் பயிற்சி முடித்து வந்தவர். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு, “சார், செங்கோட்டை மிஷினுக்கு உள்ள ஊசி இதுல இல்லையே” என்றார். முந்தின வாரம்தான் அதை எடுத்து மாட்டியிருந்தேன். மாற்று ஊசி அன்று மாலை மதுரைப் பேருந்தில் வருவதாக இருந்தது. வண்டி எண்ணை அவருடைய கைப்பேசியில் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இருவருமாக வேய்ந்தான்குளத்துக்குப் புறப்பட்டோம்.