புல்தரையில் அர்மடில்லோ: நான்கு மாதக் கணக்கு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தெற்கில், டிஃப்டன் ஊரிலிருந்து காரில் அரை மணி நேரத்தில் எங்கள் வீடு. முன்னால் அரை ஏக்கர் சென்டிபீட் புல். அமில மண்ணிலும் பிழைக்கும், அதிகம் உரம் கேட்காது. சோம்பேறிக்கு ஏற்ற புல். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெரியவரின் தீவன வயல். அதில் இருப்பது கோஸ்டல் பெர்முடா, டிஃப்டனில் க்ளென் பர்ட்டன் உருவாக்கி 1943இல் வெளிவந்த கலப்பின ரகம். பெர்முடா என்றதும் ஏதோ சீமைப்புல் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் நம்ம அருகம்புல் சாதி.

மே

ஒருநாள் காலையில் தரை முழுக்கக் குழி. எண்ணினேன், இருபத்து மூன்று. ஒவ்வொன்றும் புனலை அழுத்தி எடுத்த மாதிரி, மேலே அகலமாக, கீழே குறுகி, மூன்று அங்குல ஆழம். பெரியவர் வந்து கைத்தடியை ஒரு குழிக்குள் விட்டுப் பார்த்தார். அகழெலி என்றால் மண் வரப்பு மாதிரி மேலே எழும்பும், காட்டுப்பன்றி என்றால் உழுதுபோட்ட மாதிரி இருக்கும், இது அர்மடில்லோ என்ற ஓட்டுப் பிராணி மூக்கால் குடைந்தது என்றார்.

அன்று இரவே டார்ச்சுடன் காத்திருந்தேன். நம் ஊர் அழுங்குக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஓடு போர்த்திக்கொண்டு வந்தது (உண்மையில் உறவே இல்லை). அதற்குக் கண் பார்வை மட்டம். மோப்பம் பிடித்தபடி என் செருப்புக்கு ஓரடி தூரம் வரை வந்துவிட்டது. நான் லேசாக இருமியதும் நின்ற இடத்திலேயே செங்குத்தாக எம்பியது. நானும்தான்.

ஜூன்

பாச்சை உருண்டை போட்டேன். பயனில்லை, அதை வெளியில் போடவே கூடாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அம்மா அனுப்பிய மிளகாய்த்தூளில் பாதியைத் தூவினேன். ஒரு மழை, அவ்வளவுதான். அர்மடில்லோ தேடி வரும் வேர்ப்புழுவுக்கு மருந்து அடிக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் அர்மடில்லோ மண்புழுவையும் தின்கிறது, புழு மருந்தால் மட்டும் விருந்து முடியாது. தப்பு என்னிடமும் இருந்தது: தினமும் சாயங்காலம் தண்ணீர் விட்டு, மண்ணை அதற்குப் பதமாக வைத்திருந்தேன். காலைக்கு மாற்றி, வாரம் ஒருமுறை ஆக்கினேன். குழிகள் குறைந்தன, நிற்கவில்லை.

ஜூலை

32 அங்குல நீளக் கூண்டு வாங்கி, கனிந்த வாழைப்பழம் வைத்தேன். மாட்டியது ஒப்போசம் (குட்டியை வயிற்றுப் பையில் சுமக்கும், பூனை அளவுப் பிராணி). மறுநாளும் ஒப்போசம், அதே ஆள்தான் என்பது என் சந்தேகம். மூன்றாவது வாரம் பெரியவர் பார்த்துச் சிரித்தார். பழத்தைத் தூக்கி எறியச் சொன்னார். அர்மடில்லோ சுவரையோ வேலியையோ ஒட்டித்தான் நடக்குமாம். வராந்தாவுக்கு அடியில் அதன் வளையைக் கண்டுபிடித்து, சுவரை ஒட்டிக் கூண்டை வைத்தோம். கூண்டு வாயின் இரண்டு பக்கமும் ஆறடிப் பலகைகளை விரித்த கை மாதிரி நிறுத்தினோம். இரை எதுவும் இல்லை. மூன்றாம் இரவு கூண்டுக் கதவு விழும் சத்தம் கேட்டது.

கையுறை இல்லாமல் தொடவே கூடாது. சில அர்மடில்லோக்களில் தொழுநோய்க் கிருமி உண்டு. பெரியவர் கூண்டோடு தூக்கி பிக்கப்பில் வைத்துக்கொண்டு போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட்

புதுக் குழி இல்லை. பழைய குழிகளில் மண் நிரப்பி, ஓரத்திலிருந்து சென்டிபீட் ஓடுதண்டு வெட்டி நட்டேன். அது மெதுவாக, மிக மெதுவாக நகர்கிறது. அதற்குள் வேலிக்கு அடியில் புகுந்து வந்த அருகு, குழிகளில் பாதியைப் பிடித்துவிட்டது. ‘அருகுபோல் வேரோடி’ என்று கல்யாண வீட்டில் வாழ்த்துகிறோமே, அது எப்படி வேரோடும் என்று இப்போதுதான் குனிந்து பார்க்கிறேன். ஒரு கணுவைப் பிடுங்கினால் ஒரு முழத்துக்கு வருகிறது. வராத துண்டு மறுவாரம் தளிர்க்கிறது.

செதாக்ஸிடிம் என்ற களைக்கொல்லியை சென்டிபீட் தாங்கும், அருகு சுருண்டுவிடும். ஒரே முறையில் சாகாது, திரும்ப அடிக்கவேண்டும். வாங்கி ஷெட்டில் வைத்திருக்கிறேன். ஆனால் மனைவி தடை போட்டிருக்கிறாள்: பிள்ளையார் சதுர்த்திக்கு அருகம்புல் இந்தக் குழிகளிலிருந்துதானாம், அது முடிகிற வரை ஒரு சொட்டு மருந்து படக்கூடாதாம்.