இடுப்பு வலியும் ஒரு தூக்கி வைத்த கட்டிலும்

1956இல் நியூசிலாந்தின் வெலிங்டனில், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலியோடு ஒருவர் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் வந்தார். மெக்கன்சி அவரை உள்ளே போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார். முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் ஒரு முனை தூக்கி வைத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சில நிமிடம் கழித்து வந்து பார்த்தால், ஆள் முதுகு பின்னால் வளைந்தபடி கிடக்கிறார். அந்தக் காலத்தில் அப்படி வளைப்பது ஆபத்து என்ற நினைப்பு. மெக்கன்சி பதறிப்போனார். படுத்திருந்தவரோ, இத்தனை நாளில் இப்போதுதான் நன்றாக இருக்கிறது என்றாராம்!

இன்று உலகம் முழுக்கச் சொல்லித்தரும் மெக்கன்சி பயிற்சி அங்கேதான் தொடங்கியது. குப்புறப் படுத்து, முதலில் முழங்கையை ஊன்றி, அப்புறம் கையை நீட்டி மார்பைத் தூக்குவது. இடுப்பு தரையிலேயே இருக்கும். அட, நம்ம புஜங்காசனத்தின் சாயல்தானே!

செய்யும்போது கால் வலி மேலேறி இடுப்புக்கு வந்தால் நல்லது. கீழே இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். தண்டுவடப் பாதை சுருங்கியவர்களுக்குப் பின்னால் வளைந்தால் வலி கூடலாம். அவர்களுக்கு முழங்காலை மார்போடு அணைப்பது பெரும்பாலும் இதமாக இருக்கும். ஆக, யூட்யூபைப் பார்த்து எல்லோரும் ஒரே பயிற்சி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

உட்காரும்போது ஒரு துண்டைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வையுங்கள். விலையுயர்ந்த நாற்காலியைவிட, அரை மணிக்கொருமுறை எழுந்து நடப்பது மேல்.

காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ பயிற்சியெல்லாம் வேண்டாம். நேராக மருத்துவமனைதான்.